முதுகில் குறை, தலையைப் பார்க்கிறோம்

எம்.ஆர்.ஐ. அறைக்குள் விடுவதற்கு முன்னால் நாங்கள் முதலில் கழற்றச் சொல்வது தாலியை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் எங்கள் மதுரைப் பக்கத்துப் பெண்களின் தாலிச் சரட்டில் தங்கத்தோடு நாலைந்து ஊக்கும் தொங்கும். அவசரத்துக்கு ஆகும் என்று கோத்து வைத்த அந்த ஊக்குதான் ஆபத்து. பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவுள்ள காந்தம் உள்ளே இருக்கிறது.

அன்று வந்த பெண்ணுக்கு 23 வயது. முதல் பிள்ளை. கணக்குப்படி 21 வாரம், 4 நாள். அதுவரை அழாமல் இருந்தவள், தாலியில் கை வைத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். கூட வந்த மாமியார் எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் கிழங்கு கட்டிய புதுக் கயிறு ஒன்றை எடுத்து, மறைப்புக்குப் பின்னால் அவரே மருமகளின் கழுத்தில் கட்டிவிட்டார். தாலியை ஒரு கைக்குட்டையில் சுற்றி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“டாக்டரம்மா, முதுகுலதான குறைன்னு சொன்னாக. தலையை எதுக்குப் படம் பிடிக்கிறீக?”

இருபது வருடத்துக்கு மேலாகக் கதிரியக்க மருத்துவராக இருக்கிறேன். இதைவிடச் சரியான கேள்வியை எந்த மருத்துவ மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் மூளையும் தண்டுவடமும் ஒரு தட்டையான இழைத் தகடாகத்தான் இருக்கின்றன. தகட்டின் இரண்டு விளிம்பும் மேலெழுந்து, மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழல் ஆகிறது. 28ஆம் நாளுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. குழலின் மேல்முனை மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் உருவாகாது. அந்தப் பிள்ளை பிழைக்காது. கீழ்ப்பகுதியில் எங்காவது மூடாமல் நின்றால், அங்கே முதுகெலும்பு பிளந்து, தண்டுவடம் வெளியே தெரியும். ஸ்பைனா பைஃபிடா என்பது இதுதான். தோல் மூடாத பிளவு ஒரு வகை. உள்ளே குறை இருந்தாலும் மேலே தோல் மூடியிருப்பது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பிளவு எந்த வகை என்பதைப் பல நேரம் தலைதான் காட்டிக்கொடுக்கிறது.

மூளைக்குள் அறைகள் இருக்கின்றன. அவற்றில் நீர் ஊறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நீரின் அழுத்தத்தில்தான் வளரும் தலை உப்பி, தேவையான இடம் உண்டாகிறது. முதுகில் திறந்த பிளவு இருந்தால் ஓட்டைக் குடம்போல நீர் கசிந்து பனிக்குட நீரில் கலந்துவிடுகிறது. பின்மண்டைக்குள் சிறுமூளைக்கான அறை பெரிதாக விரியாமல் குறுகிவிடுகிறது. சிறுமூளையோ வளர்வதை நிறுத்தாது. சின்னச் சம்புடத்தில் பெரிய மாவுருண்டையை அமுக்கினால் எப்படிப் பிதுங்குமோ, அப்படிச் சிறுமூளையின் அடிப்பகுதியும் மூளைத்தண்டும் மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கிவிடுகின்றன. போக்கு அடைபட்டு மேலே நீர் தேங்குகிறது, அறைகள் விரிகின்றன. பிராக் நகரத்தில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்த ஹன்ஸ் கியாரி 1891இல் விவரித்த இந்தக் குறைக்கு இன்று கியாரி இரண்டாம் வகை என்று பெயர். கசிவுதான் இத்தனைக்கும் காரணம் என்ற விளக்கத்தை 1989இல் சிகாகோவின் டேவிட் மெக்லோனும் பால் நெப்பரும் முன்வைத்தார்கள்.

ஆக, முதுகில் உள்ள ஓட்டை காலை மட்டும் பாதிப்பதில்லை. பிள்ளை நடக்குமா என்பதைப் பிளவு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது பெருமளவு சொல்லும். மூச்சு, விழுங்குதல், தலையில் நீர் கோத்தல், பாடம் படிக்கும் திறன் ஆகியவற்றைப் பற்றித் தலைக்குள் பார்த்துத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இதற்காக எல்லாரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டியதில்லை. முதல் தகவலைத் தருவது நம் ஊரில் அஞ்சாம் மாச ஸ்கேன் என்று சொல்லும் அனாமலி ஸ்கேன்தான். 1986இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கிப்ரோஸ் நிக்கொலைடிஸும் அவரது சகாக்களும் இரண்டு அடையாளங்களை எழுதினார்கள். திறந்த பிளவுள்ள பிள்ளையின் நெற்றிப் பக்க எலும்பு இருபுறமும் ஒடுங்கி, தலை எலுமிச்சம்பழ வடிவில் தெரியும். சிறுமூளை பின்மண்டையோடு ஒட்டி வாழைப்பழம்போல வளைந்திருக்கும். அவ்வளவு எளிமையான இரண்டு பழம். இன்று உலகமெங்கும் ஸ்கேன் கற்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். முதுகில் சில மில்லிமீட்டர் பிளவைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிடத் தலையில் எலுமிச்சையும் வாழைப்பழமும் கண்டு, பிறகு முதுகுக்குப் போவது சுலபம். 24 வாரத்துக்குப் பிறகு எலுமிச்சை அடையாளம் பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதால் அஞ்சாம் மாதத்தைத் தவறவிடக்கூடாது.

இந்தப் பெண்ணுக்கு வெளியூரில் எடுத்த ஸ்கேனில் இடுப்புப் பகுதியில் பிளவு என்று சரியாகவே கண்டிருந்தார்கள். மூளை அறையின் அகலம் 11 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். 10க்குக் கீழே இருக்க வேண்டும். பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் ஆழமாக இறங்கியிருந்ததால் சிறுமூளை சரியாகத் தெரியவில்லை என்றும் குறித்திருந்தார்கள். அது நேர்மையான அறிக்கை. ஆனால் அங்கே யாரோ வாய்வார்த்தையாக, “கால் வராது, அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டுதான் மூன்று நாள் தூங்காமல் வந்து நின்றார்கள்.

பிள்ளையின் தலை இடுப்புக்குள் இறங்கியிருந்தால், தாயின் வயிற்றுச் சதை கனமாக இருந்தால், பனிக்குட நீர் குறைந்திருந்தால் ஒலி அலை தடுமாறும். காந்தத்துக்கு அந்தத் தடை இல்லை. உடம்பில் உள்ள நீரின் அணுக்கள்தான் அதற்குச் சைகை கொடுக்கின்றன; வளரும் மூளையோ பெரும்பகுதி நீர். எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு இதில் கிடையாது. கர்ப்பிணிகளுக்குச் சாய ஊசியும் போடுவதில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1983இலேயே கர்ப்பிணிகளுக்கு இந்தப் படத்தை எடுத்தார்கள். ஆனால் ஒரு படம் எடுக்க நிமிடக் கணக்கில் ஆன காலம் அது. வயிற்றுப் பிள்ளை அதுவரை அசையாமல் இருக்குமா? படம் கலங்கிப்போகும். மின்னல் வேகத்தில் படம் எடுக்கும் வழியைத் தேடியவர் நாட்டிங்காமின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. எம்.ஆர்.ஐ.க்காக 2003இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். 1990களில் ஒரு வெட்டுப்படத்தை ஒரு நொடிக்குள் எடுக்கும் முறைகள் வந்த பிறகுதான் பிள்ளை அசைவதற்குள் மூளையைப் பிடிக்க முடிந்தது.

அந்தப் பெண்ணை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். காதில் பஞ்சு, அதன் மேல் காதுக்கவசம். வயிற்றின் மேல் கவசம்போல ஒரு ஏற்பி. கையில் ஒரு ரப்பர் பந்து. பயந்தால் அமுக்கலாம், உடனே நிறுத்திவிடுவோம். எங்கள் டெக்னீஷியன் குனிந்து, “டக டகன்னு சத்தம் வரும்மா, உரல் இடிக்கிற மாதிரி. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிள்ளை நாம் சொன்னபடி படுத்திருக்காது. ஒரு படத்தில் பக்கவாட்டில் தெரிந்த முகம் அடுத்த படத்தில் காணாமல் போய்விடும். அது திரும்பத் திரும்ப, கடைசியாக எடுத்த படத்தை வைத்து அடுத்த வெட்டின் கோணத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம்: தலையை மூக்குக்கு நேராக நடுவில் இரண்டாக வெட்டியதுபோன்ற படம். 25 நிமிடம் ஆனது.

நலமான பிள்ளைக்கு அந்தப் படத்தில் சிறுமூளைக்குக் கீழே வெள்ளைப் பிறை ஒன்று தெரியும். அங்கே தேங்கி நிற்கும் நீர் அது. வெள்ளையாக, தெளிவாக, விரல் நகத்தின் ஓரம்போல இருக்கும். இந்தப் படத்தில் பிறை இல்லை. சிறுமூளையின் அடிநுனி ஆப்புபோலக் கூர்ந்து, மண்டையோட்டின் துளையைத் தாண்டிக் கழுத்தெலும்பு வரை இறங்கியிருந்தது. 21 வாரத்துப் பிள்ளைக்குச் சிறுமூளையின் அகலம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நாங்கள் மனக்கணக்கு வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு 17. மூளை அறைகள் ஒருபுறம் 13, மறுபுறம் 12. 15ஐத் தாண்டினால் கடுமை என்று கொள்வோம். மூளையின் இரு பாதியையும் இணைக்கும் பாலமான கார்பஸ் கலோசம் முன்னிருந்து பின்வரை இருந்தது. திறந்த பிளவுள்ள பிள்ளைகளில் இந்தப் பாலம் பாதியில் நின்றுபோவதோ, மெலிந்திருப்பதோ உண்டு. அது முழுதாக இருந்ததைக் கண்டு நான் அந்த அறையில் தனியாக மூச்சு விட்டேன்.

எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். 21 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு உரித்த முட்டைபோல வழவழப்பாக இருக்கும். மடிப்புகள் இனிமேல்தான் வரப்போகின்றன. இன்னும் உருவாகாத மடிப்பில் குறை உண்டா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. நரம்பணுக்கள் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் அறைச் சுவரிலேயே முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடுவதும் இந்தப் பிள்ளைகளிடம் உண்டு; வயிற்றில் இருக்கும்போது அவை கண்ணுக்குத் தப்பிவிடும். வேலைக்கு வந்த ஆரம்பத்தில், 20 வாரத்தில் எடுத்த ஒரு படத்துக்கு “மூளையில் வேறு குறை இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறந்து எட்டு மாதம் கழித்து அந்தத் தகப்பன் இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். குழந்தையின் படத்தில் முடிச்சுகள் வரிசையாக இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. “முன்னமே தெரிஞ்சிருந்தா மனசைத் தயார் பண்ணியிருப்போம் மேடம்” என்றார். அன்றிலிருந்து என் ஒவ்வொரு அறிக்கையிலும் “இந்த வாரத்தில் தெரியக்கூடிய அளவில்” என்ற சொற்கள் இருக்கின்றன. 30 வாரத்துக்கு மேல் இன்னொரு முறை படம் எடுத்தால் கூடுதலாகத் தெரியும் என்பதையும் குடும்பத்திடம் வாயால் சொல்கிறேன்.

அதேபோல, எந்த முள்ளெலும்பில் பிளவு தொடங்குகிறது என்று எண்ணிச் சொல்வதில் தேர்ந்த கையில் உள்ள அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்குச் சளைத்ததல்ல. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை. ஷெஃபீல்டின் பால் கிரிஃபித்ஸ் தலைமையில் பிரிட்டனில் 16 மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஸ்கேனில் மூளைக்குறை என்று சந்தேகப்பட்ட 570 கருக்களில் அல்ட்ராசவுண்ட் மட்டும் சொன்ன முடிவு 68 சதவீதம் சரியாக இருந்தது, எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது அது 93 சதவீதம் ஆனது. எல்லா வகை மூளைக்குறைக்குமான கணக்கு அது, முதுகுப் பிளவுக்கு மட்டும் அல்ல. ஆனாலும் இரண்டு கண்ணால் பார்ப்பதன் அருமை அந்த எண்களில் தெரிகிறது.

தலையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா, நாஷ்வில், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்களில் 2003 முதல் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, 26 வாரத்துக்குள், கருப்பையைத் திறந்து முதுகுப் பிளவைத் தைத்து மூடினார்கள்; மற்ற குழுவுக்குப் பிறந்த பிறகு மூடினார்கள். அதில் சேர்க்கும் முன், சிறுமூளை கீழே இறங்கியிருக்கிறது என்று உறுதியாக வேண்டும் என்பது நிபந்தனை. 2011இல் முடிவு வந்தது. பிறந்த பிறகு மூடிய பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்குத் தலை நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைக்க நேர்ந்தது. வயிற்றிலேயே மூடிய பிள்ளைகளில் 40 சதவீதம். இரண்டரை வயதில் துணையின்றி நடந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். எனக்கு இவற்றைவிட வியப்பாக இருந்தது வேறொன்று: ஓட்டையை அடைத்ததும், கீழே இறங்கிய சிறுமூளை பல பிள்ளைகளில் மேலே ஏறிக்கொண்டது. ஒரு வயதில் 36 சதவீதத்தினரிடம் அந்தப் பிதுக்கமே இல்லை. மற்ற குழுவில் அது 4 சதவீதம். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குறைமாதப் பிரசவம் கூடியது. தாயின் கருப்பையில் ஆழமான தழும்பு நின்றது. நான் பார்த்த குடும்பங்களில் யாரும் அந்த அறுவைக்குப் போகவில்லை. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

மாமியாரையும் அவர் மகனையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண்ணும் வேண்டும் என்று அழைத்தேன். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆண்களிடம் மட்டும் பேசும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சட்டத்தையும் சொன்னேன். 2021இல் திருத்திய சட்டப்படி, குறிப்பிட்ட நிலைகளில் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை கர்ப்பத்தைக் கலைக்கலாம். அதற்கு மேல், கருவில் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் மட்டும். எந்தப் பக்கமும் நான் தள்ளவில்லை.

மாமியார் கேட்டார்: “கிரகணத்தன்னைக்கு இவ வாசல்ல வந்து நின்னா. அதனாலயா?”

“இல்லம்மா” என்றேன். “இவ செஞ்சது எதனாலயும் இல்ல. அது மூடுற நாள்ல இவளுக்குக் கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது.”

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அவர்கள் பிள்ளையைப் பெற்றுக்கொண்டார்கள். 38 வாரத்தில் சிசேரியன், இரண்டாம் நாள் முதுகில் அறுவை, மூன்றாவது வாரம் ஷன்ட். பையனுக்கு இப்போது நாலு வயது. காலிபர் போட்டு நடக்கிறான். சிறுநீரை நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுப்பதை அந்தப் பாட்டிதான் முதலில் கற்றுக்கொண்டார். வேறொரு குடும்பத்தில் அறைகள் 19 மில்லிமீட்டர், பாலம் பாதிதான் இருந்தது; அவர்கள் கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டும் யோசித்து எடுத்த முடிவு. இரண்டு குடும்பத்துக்கும் நான் கடமைப்பட்டது முழுப் படத்தைக் காட்டுவதற்கு மட்டும்.

மூன்றாவதாக ஒருத்தியையும் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே கட்டி என்று எழுதி, ஸ்பைனா பைஃபிடா என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். கலைக்கத் தேதியே குறித்துவிட்டார்கள். நடுவெட்டுப் படத்தில் வெள்ளைப் பிறை அழகாக நின்றது. சிறுமூளை தன் இடத்தில், அறைகள் 7 மில்லிமீட்டர். நீர் கசியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? தோல் மூடிய வகை, கொழுப்புக் கட்டி. பிறந்த பிறகு அறுவை முடிந்து, அந்தப் பெண்குழந்தை இன்று இரண்டாம் வகுப்பு படிக்கிறது. தலையைப் பார்க்காமல் முதுகை மட்டும் பார்த்திருந்தால் அவள் பிறந்திருக்க மாட்டாள்.

கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தவள் இரண்டு வருடம் கழித்து அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு வந்தாள். இந்த முறை பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் தொடங்கியிருந்தாள். முதுகு சீராக இருந்தது. அந்த மாத்திரையின் பலன் 1991லேயே நிரூபிக்கப்பட்டது. ஏழு நாடுகளில் நடந்த சோதனையில், முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் மீண்டும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது.

ஆனால் நம் ஊரில் நாள் தள்ளி, உறுதிசெய்து, பதிவு செய்து மாத்திரை கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் அந்த 28 நாள் கடந்துவிடுகிறது. எனவே, கல்யாணமாகிப் பிள்ளைக்கு ஆசைப்படும் பெண்கள் எல்லாரும் கர்ப்பம் ஆவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கத் தொடங்குங்கள். மூன்றாம் மாதம் முடியும்வரை விடாதீர்கள். முன்பு இப்படி ஒரு பிள்ளை உண்டாகியிருந்தால், வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்குப் பத்து மடங்கு அளவு தேவைப்படலாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அஞ்சாம் மாச ஸ்கேனில் முதுகில் குறை என்று சொன்னால், முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தலையைப் பார்த்தீர்களா?